நம்ப முடியாத மலிவில் ஒரு பழைய வேன்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நமது பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலடி நடக்க விட்டுப் பார்க்காமல் எந்த விவசாயியும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. அதே விவசாயி, ஒரு பழைய வேன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் மறுநாளே காசுடன் புறப்பட்டு விடுகிறார். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். வேனைப் பற்றித் தெரியாது. தெரியாத இடத்தில்தான் மலிவு என்ற சொல் ஆளை மயக்குகிறது.

இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தின் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். நட்டஈடாகக் கிடைத்த பணமாக இருக்கலாம். தோட்ட வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதியாக இருக்கலாம். நகையை அடகு வைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். அது ஒரு முறை கையை விட்டுப் போனால் இரண்டாம் முறை வராது. ஆகவே மலிவாக ஒரு வண்டி வந்தால் என்ன செய்வது என்பதை, வண்டி வருவதற்கு முன்பே நாம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வாகனம் ஏன் தேவைப்படுகிறது?

நானுஓயா புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1885 இல் ரயில் பாதை இங்கு வந்து சேர்ந்தது. 1903 இல் இங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு சிறிய ரயில் பாதை போடப்பட்டது. அடுத்த ஆண்டில் அது கந்தப்பளை வழியாக இராகலை வரை நீண்டது. 1940 களில் அந்தச் சிறிய பாதை மூடப்பட்டது. அதன் பிறகு நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மேடேறும் சரக்கெல்லாம் றோட்டு வழியாகத்தான் போக வேண்டியதாயிற்று.

கரட், லீக்ஸ், கோவா போன்றவை பிடுங்கிய பின் காத்திருக்க மாட்டா. அவை வாடுவதற்கு முன் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்கோ கெப்பெட்டிப்பொலவுக்கோ போய்ச் சேர வேண்டும். வாகனம் வேறொருவருடையதாக இருந்தால் அவர் கேட்பதுதான் கூலி, அவர் வருவதுதான் நேரம். வியர்வை நம்முடையது, இலாபம் வாகனக்காரருடையது என்ற நிலை இப்படித்தான் ஏற்படுகிறது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை வாங்கினால் என்ன என்ற யோசனை எழுவது இயல்பே. அது நல்ல யோசனையும் கூட.

ஆனால் விலை? 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் பழைய வண்டிகள் கைமாறின. தடை நீங்கிய பின்னரும் இறக்குமதி வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதிய வண்டி சாதாரண விவசாயிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே நமது கண் பழைய வண்டிகள் மீதே விழுகிறது.

வண்டிக்குள் வீடு வந்த கதை

பழைய வேன்களில் உலகம் முழுவதும் பேர் பெற்றது வொக்ஸ்வேகன் கொம்பி. உருண்டை முகமும் பின்புறத்தில் இயந்திரமும் கொண்ட அந்த வண்டியை நமது நாட்டிலும் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் கதை இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்நியமானதல்ல.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜேர்மனியின் வொல்ஸ்பேர்க் நகரில் இருந்த கார்த் தொழிற்சாலை பாதி இடிந்து கிடந்தது. கிழக்கிலிருந்து வீடு வாசலை விட்டு வந்த அகதிகள் பலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். சாமான்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்ல, காரின் அடிப்பாகத்தை மட்டும் வைத்துப் பலகை பொருத்திய ஒரு தள்ளுவண்டி போன்ற வாகனத்தை அங்கேயே செய்துகொண்டார்கள். அதைக் கண்ட பென் பொன் என்ற ஒல்லாந்து வியாபாரி, 1947 ஏப்ரலில் தமது குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி வடிவ வேனின் படத்தைக் கீறினார். 1950 இல் அந்த வேன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 25 குதிரை வலு இயந்திரம், முக்கால் தொன் பாரம். அவ்வளவுதான்.

1951 இல் வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் அந்த வேனுக்குள் வைக்கக்கூடிய ஒரு பெட்டியைச் செய்தது. அதை விரித்தால் படுக்கை. அதனுள்ளே பாத்திரமும் அடுப்பும் வைக்க இடம். கிழமை நாட்களில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுச் சரக்கு ஏற்றலாம். ஓய்வு நாட்களில் பெட்டியை வைத்துக் குடும்பத்துடன் பயணம் போகலாம். மேல்நாட்டார் கேம்பர் வேன் என்று சொல்லும் படுக்கை வேன் இப்படித்தான் பிறந்தது. உல்லாசமாகத் தெரிகிற அந்த வண்டி, உழைக்கும் குடும்பத்தின் இரட்டைத் தேவைக்காக வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஜேர்மனியில் 1979 வரையும், பிரேசிலில் 2013 முடியும் வரையும் இந்த வடிவம் தொடர்ந்து செய்யப்பட்டது. இன்று அது பழம்பொருள். 2011 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஏலத்தில் 1963 ஆம் ஆண்டு செய்த ஒரு கொம்பி இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் விலை போனது. எல்லாக் கொம்பியும் அப்படிப் போவதில்லை. ஆனால் இத்தகைய செய்திகள் பரவியபின், பழைய வண்டிச் சந்தையில் இரண்டு வகையானவர்கள் கூடிவிட்டார்கள்: ஏமாற்றி விற்பவர்கள், ஏமாற்றி வாங்குபவர்கள். நாம் இரண்டு பேரையும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மலிவுக்கு மூன்று காரணங்கள்

சந்தையில் 15 இலட்சம் பெறக்கூடிய ஒரு வேன் 6 இலட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காரணமில்லாமல் 9 இலட்சத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, வண்டியில் குறை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். விபத்தில் நெளிந்து நிமிர்த்தியதாக இருக்கலாம். அடிப்பாகம் துருப்பிடித்து உக்கியதாக இருக்கலாம். மேலே பூசிய புது வர்ணம் அதை மறைத்திருக்கும்.

இரண்டாவது, பத்திரத்தில் குறை. தவணைக் கடன் முடியாத வண்டியின் பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனமே முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும். அந்த நிறுவனம் விடுவிக்காமல் வண்டி உங்களுக்குச் சொந்தமாகாது. வாடகைக்கு எடுத்த வண்டியைப் பொய்ப் பத்திரம் செய்து விற்பவர்களும் உண்டு. கழிவுக்குப் போன ஒரு வண்டியின் பத்திரத்தை இன்னொரு வண்டிக்குப் பொருத்துபவர்களும் உண்டு. ‘வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன வண்டி’ என்று சொன்னால் இன்னும் கவனம் தேவை. உல்லாசப் பயணி தற்காலிக அனுமதியில், தீர்வை கட்டாமல் கொண்டுவரும் வாகனத்தை இங்கே விற்க முடியாது. சுங்கத் திணைக்களம் அதைப் பறிமுதல் செய்யலாம்.

மூன்றாவது, விற்பவரின் அவசரம் அல்லது அறியாமை. இதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

எந்தக் காரணம் என்று தெரியும் வரை ஒரு சதமும் முற்பணம் கொடுக்கக் கூடாது. ‘இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்றைக்கே போட்டுவிடுங்கள்’ என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே ஒரு அடையாளம்.

பல்லும் சுழியும்

வண்டியைப் பார்க்கப் போகும்போது தனியே போகாதீர்கள். விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கை, அவருடைய நாட்கூலியைக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில் போங்கள். ஈரமான வர்ணம் எல்லாக் குறையையும் மறைக்கும். பின்வருபவற்றை நீங்களே பார்க்கலாம்.

1. ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியின் உடலில் வைத்துப் பாருங்கள். தகரம் உள்ள இடத்தில் ஒட்டும். ஓட்டையைப் புட்டியால் அடைத்த இடத்தில் ஒட்டாது. கதவுகளின் கீழ்ப்பகுதி, சில்லுகளின் மேல்வளைவு, பற்றரி வைக்கும் இடம் ஆகியவற்றை முக்கியமாகப் பாருங்கள்.

2. கால்மிதியைத் தூக்கி அடித்தளத்தை அழுத்துங்கள். ஆசனத்துக்கு அடியில் சேற்றுப் படிவும் பூஞ்சண வாடையும் இருந்தால் வெள்ளம் பட்ட வண்டி என்று சந்தேகிக்கலாம்.

3. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் முன்னால் இயக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. இயந்திரம் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், தண்ணீரால் குளிரும் இயந்திரத்தில் தண்ணீர் உள்ளே கசிகிறது.

4. பழைய கொம்பியின் இயந்திரம் காற்றினால் குளிர்வது. அதற்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மேட்டில் தண்ணீர் கொதிக்குமே என்ற பயமும் இல்லை. ஆனால் பெற்றோல் செல்லும் இறப்பர்க் குழாய் பழையதாகி வெடித்தால், சூடான இயந்திரத்தின் மீது பெற்றோல் சொட்டித் தீப்பிடிக்கும். இந்த வண்டிகள் பல எரிந்து போனது இதனால்தான். அந்தக் குழாயை முதலில் மாற்ற வேண்டும்.

5. சேஸி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் உங்கள் கையால் எழுதிக்கொண்டு, பதிவுச் சான்றிதழுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இலக்கத் தகட்டில் ‘சிறீ’ எழுத்து இருப்பது வண்டி பழையது என்று சொல்லும். அந்தத் தகடு அந்த வண்டிக்கே உரியது என்று சொல்லாது. சேஸி இலக்கத்தைச் சுற்றி ஒட்டுப்போட்ட அடையாளமோ அராவிய அடையாளமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

6. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை எந்தத் திகதி வரை உள்ளன என்று பாருங்கள். பல வருடம் அனுமதிப்பத்திரம் எடுக்காத வண்டியானால் நிலுவையும் தண்டப்பணமும் யார் தலையில் விழும் என்று விசாரியுங்கள். வண்டியின் விபரத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதி செய்த பின்னரே விலை பேசுங்கள்.

7. உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைப்பவர், பதிவுச் சான்றிதழில் பெயருள்ளவர்தானா என்று அடையாள அட்டையைப் பாருங்கள். ‘ஓப்பன் பேப்பர்’ என்று சொல்லி, பழைய உரிமையாளர் எப்போதோ கையெழுத்து வைத்த படிவத்தை மட்டும் தருபவரிடம் வாங்காதீர்கள். அந்த உரிமையாளர் இறந்திருந்தாலோ மறுத்தாலோ வண்டி உங்கள் பெயருக்கு வராது.

இறக்கத்தை மறக்க வேண்டாம்

வண்டி வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘மேடு ஏறுமா?’ என்பது. மலையகத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘இறக்கத்தில் நிற்குமா?’ என்பதே.

2023 ஜனவரி 20 ஆம் திகதி இரவு நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு உயிர்கள் போயின. அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள வாகனத்துக்கே அது சோதனை. 1970 க்கு முற்பட்ட கொம்பிகளில் நான்கு சில்லுக்கும் பழைய முறை டிரம் பிரேக்தான். முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக் அதன் பிறகே வந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். சிறிய கியரில் இயந்திரத்தின் இழுப்பிலேயே இறங்கப் பழக வேண்டும்.

வாங்கும் முன் பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. லீக்ஸ் மூட்டைகளுக்கு மேல் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவது நம்மிடையே வழக்கம். பிரேக்கைச் சரிபார்க்காத வண்டியில் அந்த வழக்கம் உயிர்ச்சேதத்தில் முடியும்.

கணக்குப் போடுவோம்

ஐந்து குடும்பங்கள் தலைக்கு 2 இலட்சம் போட்டு 10 இலட்சம் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 9 இலட்சத்துக்கு ஒரு வண்டி கிடைக்கிறது. மீதி 1 இலட்சம். நான்கு டயர், பிரேக் வேலை, டிங்கர் வேலை, காப்புறுதி, உரிமை மாற்றம் என்று வரும்போது அந்த 1 இலட்சம் எதற்கும் போதாது. வண்டி கராஜில் நிற்கும். ஐந்து குடும்பமும் ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்கும்.

அதே 10 இலட்சத்தில் 6 இலட்சத்துக்கு ஒரு வண்டியைப் பார்த்து, 4 இலட்சத்தைத் திருத்த வேலைக்கு ஒதுக்கினால் வண்டி ஓடும். ஆகவே சேர்த்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும் என்பது நமது ஆலோசனை.

எந்த வண்டி என்பதும் முக்கியம். கொம்பி அழகானது. ஆனால் அதன் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காது, பெற்றோலும் அதிகம் குடிக்கும். பழைய ஹையஸ், லைட்ஏஸ் போன்ற ஜப்பானிய வேன்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் கிடைக்கும். உள்ளூர் மெக்கானிக்குகளுக்கும் அவை கைபழகியவை. மரக்கறி ஏற்றுவதற்கு அழகு தேவையில்லை.

கூட்டாக வாங்கினால் யார் எவ்வளவு போட்டார், வண்டி யார் பெயரில், யார் ஓட்டுவது, எந்த நாளில் யாருடைய சரக்கு, திருத்தச் செலவுக்கு ஒரு பயணத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, விலக விரும்புபவருக்கு எப்படிப் பணம் திருப்பிக் கொடுப்பது என்று எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு சட்டத்தரணியிடம் காட்டி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரருக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். சொந்தம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுத்து.

வேன் வீடாகுமா?

படுக்கை வேனைக் கண்டதும், வீடு கிடைக்கும் வரை இதிலேயே இருந்துவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. ஓரிரு இரவுக்கு ஆகும். சந்தைக்குப் போய்த் தங்குவதற்கு மிகவும் நல்லது. ஆனால் வேனுக்கு முகவரி கிடையாது. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும், வாக்காளர் இடாப்பில் பெயர் பதியவும், அரச உதவி பெறவும் கிராம உத்தியோகத்தர் கேட்பது முகவரியைத்தான். ஏழு பேர்ச் காணிக்காகவும் ஒரு கூரைக்காகவும் காத்திருக்கும் குடும்பம், அதற்கென்று வைத்த பணத்தை வேனில் போட்டால் பின்னால் காணி வரும்போது வீடு கட்டக் கையில் ஒன்றும் இராது.

இன்னுமொரு எச்சரிக்கை. நானுஓயாவின் குளிர் இரவில், மூடிய வேனுக்குள் கரிச்சட்டி வைத்தோ காஸ் அடுப்பை எரியவிட்டோ தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்கமாட்டார். கம்பளியைச் சேர்த்துப் போர்த்துங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

விற்பவர் யார்?

மலிவுக்கு மூன்றாவது காரணத்துக்கு வருவோம். வண்டியில் குறை இல்லை, பத்திரமும் சரி. ஆனாலும் விலை மிகக் குறைவு. அப்படியானால் விற்பவருக்கு அதன் பெறுமதி தெரியாது, அல்லது அவர் ஏதோ ஒரு நெருக்கடியில் இருக்கிறார்.

இந்த இடத்தில் நமக்குச் சில நினைவுகள் வர வேண்டும். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின், மலையகத்திலிருந்து ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்கள் தாம் வளர்த்த மாட்டை ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1983 இல் தோட்டங்களை விட்டு ஓடியவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓரிரவில் நடந்தவர்களும் பேரம் பேசிப் பொருளை விற்கும் நிலையில் இருக்கவில்லை. புறப்படுகிறவருக்கு விலை சொல்லும் உரிமை கிடையாது. அன்று யாரோ ஒருவர் அந்தப் பொருட்களை நம்ப முடியாத மலிவில் பெற்றார். அந்த மலிவின் மறுபக்கத்தில் நின்றவர்கள் நாமே.

ஆகவே ஒரு விதவைத் தாயோ, மருத்துவச் செலவுக்குத் திண்டாடும் ஒரு குடும்பமோ தமது வண்டியைக் கால் விலைக்குத் தர முன்வந்தால், ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லி வாங்கி வருவது சரியா என்று யோசிப்போம். சந்தை விலை இவ்வளவு, எங்களிடம் இவ்வளவுதான் உண்டு, மீதியைத் தவணையாகத் தருகிறோம் என்று சொல்லலாம். சட்டம் அதைக் கேட்காது, மனச்சாட்சி கேட்கும். இப்படி வாங்கிய வண்டியை ஊருக்குள் தலை நிமிர்ந்து ஓட்டலாம்.

இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். உங்கள் கொட்டிலில் ஒரு பழைய கொம்பியோ மொரிஸ் மைனரோ கோழி அடையும் கூடாக நின்றால், அதைப் பழைய இரும்பின் நிறை விலைக்குக் கேட்டு வருபவரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். அத்தகைய வண்டிகளைத் தேடித் திருத்தி வைப்பவர்கள் கொழும்பிலும் வேறு நகரங்களிலும் இருக்கிறார்கள். பத்திரத்தைத் தேடி எடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பத்திரமும் சேஸி இலக்கமும் சரியாக இருந்தால், துருப்பிடித்த வண்டிக்கும் விலை உண்டு.

ஊர்க்கூட்டத்தில் பேசுவதற்கு

1. நமது பகுதியில் ஒரு மூட்டை கரட்டைச் சந்தைக்குக் கொண்டு செல்ல எவ்வளவு கூலி கொடுக்கிறோம்? ஒரு போகத்துக்கு அது மொத்தம் எவ்வளவு?

2. கூட்டாக ஒரு வண்டி வாங்கினால், திருத்தச் செலவுக்கான பணத்தை யாரிடம், எப்படிச் சேர்த்து வைப்பது?

3. இடம்பெயர்ந்த நாளில் நாம் எதை, எவ்வளவு குறைந்த விலைக்கு விற்றோம்? வாங்கியவர் நம்மிடம் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்?